படாக் மேசைமேல் ஓர் ஆம்ப்ளிஃபயர்

“நீ படிச்சது கரண்டு, புள்ள. சவுண்டு வேற. அது படிச்சு வர்றதில்ல.”

இதைச் சொன்னவர் அப்பாவின் நண்பர். நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். அப்பாவைப் போலவே தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர்; அப்பா இன்னும் போகிறார், இவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆயுள் முழுக்க டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றதில் அவருக்கு இடது காது அநேகமாகப் போய்விட்டது. யாராவது பேசினால் வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பார். மிச்சமிருக்கும் அந்த ஒரு காதுதான் எங்கள் வீட்டில் எது நல்ல சவுண்டு என்று தீர்ப்புச் சொல்கிற காது.

அன்றைக்கு நான் சவுண்டு பற்றிப் பேசவே வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு மேசை.

தீவின் தலைநகர் ஓரத்தில், டாலிகஞ்சில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அறை, தகரக் கூரை. முன்னறையில் ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே வீட்டின் ஒரே மேசை. சிவந்த படாக் மரத்தில் செய்த, இழுப்பறை வைத்த, ஒரு பெரிய ஆபீசர் உட்கார்ந்து எழுதிய மேசை. அவர் மாற்றலாகிக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போனபோது, இங்கே எல்லா ஆபீசர்களும் செய்வதைப் போல வீட்டுச் சாமானை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார். படாக் மரச் சாமானைக் கப்பலேற்ற வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டும். அலைய அவருக்குப் பொறுமை இல்லை. மூட்டை கட்ட உதவப் போன அப்பா, திரும்பி வரும்போது மேசை, அதன்மேல் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

மேசை எனக்கு என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாத்தாவும் பாட்டியும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் வெட்ட வந்தவர்கள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மாவுக்கு அதுவும் நான் சொல்லிக் கொடுத்துத்தான் வந்தது. இதை நான் எங்கேயும் சொல்வேன், பெருமையாகவே சொல்வேன். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு மேசை வந்தால் அது யாருக்கு?

ஆம்ப்ளிஃபயருக்கு.

வெள்ளி முகம், உருண்டைத் திருகுகள், பாட்டுக்கு ஏற்ப ஆடும் இரண்டு முட்கள் என்று ஆபீசர் வீட்டில் எப்படி உட்கார்ந்திருந்ததோ அப்படியே எங்கள் வீட்டிலும் மேசை நடுவில் உட்கார்ந்தது. பக்கத்தில் ஸ்டெபிலைசர். அதற்குப் பக்கத்தில் கேசட் டெக். நான் அரிசி டிரம்மின் மூடியில் வாய்ப்பாடு எழுதினேன். அம்மாவின் தையல் மெஷினை மடக்கி அதன்மேல் பத்தாம் வகுப்பு படித்தேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்த காலத்தில் டிராயிங் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் அம்மிக்குழவி, சொம்பு, செருப்பு என்று கையில் கிடைத்ததை வைத்தேன். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் டெக்னீஷியன். நிரந்தர வேலைக்கு ஜூனியர் இன்ஜினியர் பரீட்சை வருகிறது. தரையில் குனிந்து படித்துப் படித்து கழுத்து போனதுதான் மிச்சம்.

“அப்பா, அத வேற எங்கயாச்சும் வைங்க. எனக்கு மேச வேணும்.”

“அதுக்குக் காத்து வேணும் புள்ள. சூடாகும்ல. சன்னல்கிட்ட இருந்தாத்தான்.”

“கீழ வைக்கலாமே.”

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “படாக்கு மேல இருக்குறதுனாலதான் அந்தச் சவுண்டே வருது. மரம் இழுத்துக் குடுக்குது.”

மரம் எதையும் இழுத்துக் கொடுக்கவில்லை. ஸ்பீக்கர்கள் இரண்டும் தரையில் மூலைக்கு ஒன்றாக நிற்கின்றன. மேசைமேல் இருப்பது வெறும் ஆம்ப்ளிஃபயர். ஒயர் வழியாகப் போகிற மின்சாரத்துக்குக் கீழே படாக் இருந்தால் என்ன, பலாமரம் இருந்தால் என்ன? இதை நான் சொன்னபோதுதான், டீ குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா மேலே எழுதியதைச் சொன்னார். நான் படித்தது கரண்டு. சவுண்டு வேறு.

எனக்குக் கோபம் வந்தால் செலவு செய்துவிடுவேன். மெயின்லேண்டிலிருந்து ஒரு ஹோம் ஆடியோ ரிசீவர் வரவழைத்தேன். கறுப்புப் பெட்டி, உயரம் குறைவு, சுவர்ப்பலகையில் வைத்தால் போதும். அதே ஸ்பீக்கர்களை அதில் மாட்டிக்கொள்ளலாம். அப்பாவுக்குப் பாட்டு, எனக்கு மேசை. அப்பாவிடம் நேராகவே பேசினேன்.

“டீக் ஹை, சரி,” என்றார். “அதே சவுண்டு வரட்டும், மாத்திக்கலாம்.”

சித்தப்பாவும், பக்கத்துக் கடைக்கார தாதாவும் சாட்சி. தாதா பெங்காலி; தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். எங்கள் தெருவில் எந்தச் சாமான் வந்திறங்கினாலும் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்கிறவர். எங்களிடம் இந்திதான் பேசுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஒப்பீடு நடந்தது. அப்பா பழையதில் தன் பாட்டைப் போட்டார், திருகை முக்கால்வாசி திருகி. தகரம் அதிர்ந்தது. அம்மா சமையலறைக் கதவைச் சாத்தினார். பிறகு நான் புதியதில் போட்டேன்.

“சின்னதா கேக்குது,” என்றார் அப்பா.

வால்யூமைக் கூட்டினேன்.

“இப்பக் கத்துது.”

குறைத்தேன்.

“பாரு, மறுபடி சின்னதா ஆயிருச்சு.”

இரண்டில் எது கொஞ்சம் சத்தமாகப் பாடுகிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லும். எல்லோர் காதும் அப்படித்தான், என்னுடையதும். அதனால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடவே வேண்டும் என்று விளக்கினேன். சித்தப்பா வலது காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, “அளவெல்லாம் ரேஷன் கடைல. இது பாட்டு,” என்றார்.

இதற்குள் தாதா ரிமோட்டைக் கையில் எடுத்திருந்தார். எதையோ அமுக்கினார். பாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். இன்னொன்றை அமுக்கினார். இப்போது அவர் ஏதோ ஸ்டேடியத்தின் அந்தக் கோடியிலிருந்து பாடினார். “அரே பேட்டி, யே க்யா ஹை?” என்று, இது என்ன என்று என்னையே கேட்டார். ரிமோட்டைப் பிடுங்கி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து திரும்புவதற்குள், பாட்டு முடிந்து வெகுநேரம் சும்மா இருந்ததால் ரிசீவர் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தானாகவே அணைந்துவிட்டது.

“தூங்கிருச்சு,” என்றார் அப்பா. அவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் பரீட்சையில் தேறிய அன்றுகூடப் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் பழையது மோசமான சாமான் இல்லை. குறைந்த சத்தத்தில் அடித்தொனியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்க அதில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் மழை நாளில்கூடத் தபேலா தெளிவாக விழும். திருகைத் திருப்பினால் விரலுக்குக் கனம் தெரியும், புதியதைப் போல ரப்பர் பட்டனைத் தேய்க்க வேண்டியதில்லை. ஆனால் உப்புக் காற்றில் அதன் பின்புற முனைகள் பச்சை பிடித்துவிட்டன. கெப்பாசிட்டர்கள் வயதாகி, எந்நேரமும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். மாற்றித் தருகிறேன் என்றால் அப்பா தொட விட மாட்டார். புதியது சுத்தமாக, ஒரு கறை இல்லாமல் பாடுகிறது. என் காதுக்கு இரைச்சலைத் தவிர இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எனக்கு அது போதும். ஆனால் கேட்கப்போவது என் காது இல்லையே.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஒப்பீடு. இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். ஒரே போனிலிருந்து இரண்டுக்கும் ஒயர் பிரித்துக் கொடுத்தேன். அபர்தீன் பஜாரில் ஒரு மாற்றுச் சுவிட்ச் வாங்கி, டப்பாவில் பொருத்தி, ஸ்பீக்கர் எந்தப் பெட்டியிலிருந்து பாடுகிறது என்பதை என் விரல் மட்டும் முடிவு செய்யும்படி வைத்தேன். ஒரே சீரான ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டின் அளவையும் ஒன்றாக்கினேன். இரண்டுக்கும் குறுக்கே அம்மாவின் சேலையைத் திரையாகக் கட்டினேன்.

“நல்ல பொடவய கட்டாத,” என்றார் அம்மா. கட்டின பிறகுதான் சொன்னார்.

பாட்டை நிறுத்துவேன், சுவிட்சைத் தட்டுவேன் அல்லது தட்டியது போல நடிப்பேன், பாட்டைத் தொடங்குவேன். எது பழையது, எது புதியது என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

மூன்று பேரும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார்கள்.

வேகமாக மாற்றினேன், மெதுவாக மாற்றினேன், மாற்றாமலே இருந்தேன். சரி, சரி, சரி. பாலிடெக்னிக்கில் கற்றதெல்லாம் பொய்யா என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அப்போது சித்தப்பா, “இது ஆபீசரோடது,” என்றார். நான் இன்னும் பாட்டைத் தொடங்கவே இல்லை.

“பாட்டே வரலியே சித்தப்பா?”

“பாட்டு எதுக்கு? அதான் ம்ம்ம்னு கேக்குதே.”

அவருடைய ஒற்றைக் காது அந்த இரைச்சலைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? வாழ்க்கை முழுக்க அவரும் அப்பாவும் கவனித்துக் கேட்ட ஒரே சத்தம் இன்ஜின் இரைச்சல்தான்.

“அது கோளாறு,” என்றேன். “அந்த ம்ம்ம் பாட்டுல கெடையாது. பழுதான பார்ட்டுலருந்து வருது. நீங்க நல்லாருக்குன்னு சொல்றது அந்தப் பழுத.”

அப்பா பொறுமையாகச் சொன்னார். “இன்ஜின் ரூம்ல சத்தம் நின்னா என்னா அர்த்தம் தெரியுமா? மிஷின் நின்னு போச்சுன்னு அர்த்தம். தூக்கத்துலகூட எந்திரிச்சு ஓடுவோம். ஒம் பொட்டி பாட்டு முடிஞ்சா செத்துப் போவுது. இது இருக்கேன் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கு.”

“இஸ்மே ஜான் ஹை,” என்று தாதாவும் தலையாட்டினார். இதில் உயிர் இருக்கிறதாம். வாழ்நாளில் இன்ஜின் ரூமை எட்டிப் பார்க்காத, பிஸ்கட்டும் சோப்பும் விற்கிற மனிதர்.

அன்று துணி துவைக்கும்போது துணியை அடித்த அடியில் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உயிர் என்றால் இரைச்சல், இரைச்சல் என்றால் உயிர். சரி. உயிர்தானே வேண்டும், கொடுத்துவிட்டால் போகிறது.

மூன்றாவது ஒப்பீட்டுக்கு முன் ரிசீவருக்குப் போகும் நல்ல ஒயரைக் கழற்றினேன். அதற்குப் பதில் இரைச்சலைத் தடுக்கும் கவசமில்லாத சாதாரண ஒயரைப் போட்டு, அதை ஸ்டெபிலைசரின் முதுகை ஒட்டிச் சுற்றிவிட்டேன். புதிய பெட்டி அழகாக ‘ம்ம்ம்’ என்றது. அளவுகளை மறுபடி சரிசெய்து, இரண்டு இரைச்சலும் ஏறத்தாழ ஒன்றாகக் கேட்கும்வரை ஒயரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக ஒலிக்கிற ஒரு சாமானைப் பழுதாக்க அரைநாள் பாடுபட்டவள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மா இந்த முறை வேறு சேலை கொடுத்தார், கிழிந்த சேலை.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். போன வாரத்து வெற்றியில் சித்தப்பா கால்மேல் கால் போட்டுக்கொண்டார். நான் சுவிட்சைத் தட்டினேன்.

“ஆபீசர்,” என்றார் உடனே.

அது புதியது.

“இதுவும் ஆபீசர்தான். மாத்தாம ஏமாத்துது புள்ள.”

அதுதான் பழையது. அப்பா புதியதைப் பழையது என்றார், பழையதைப் புதியது என்றார், ஒருமுறை குழம்பிப்போய் இன்னொரு தடவை போடச் சொன்னார். தாதா அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்ததால் அப்பா எங்கே தவறினாரோ அங்கெல்லாம் தவறினார். கடைசியில் நான் புதியதையே ஓடவிட்டு, “இஸ்மே ஜான் ஹை க்யா, தாதா?” என்று கேட்டேன்.

“பஹுத்,” என்றார், கண்ணை மூடிக்கொண்டு. நிறைய இருக்கிறதாம்.

சேலையை அவிழ்த்துக் காட்டினேன். ஒயரைக் காட்டினேன். நீங்கள் கேட்டது இதைத்தான், இது ஒரு சாதாரண ஒயரில் வருகிறது, வேண்டுமென்றால் இப்படியே வைத்துத் தருகிறேன் என்றேன். சித்தப்பா குனிந்து அந்த ஒயரை விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது சீட்டிங்,” என்றார் சித்தப்பா.

“எது சித்தப்பா சீட்டிங்? ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதா இல்லயா?”

“கேக்குது. கேக்க வச்சிருக்க.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாக்குக் கொடுத்தவர். அதே சவுண்டு வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றவர். அவர் எழுந்து பழையதின் முன்னால் போய் நின்றார். வெள்ளி முகத்தைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார்.

“சரி புள்ள. நீ சொன்னது சரிதான். ரெண்டும் ஒண்ணுதான்.”

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

“ரெண்டும் ஒண்ணுதான்னா எதுக்கு மாத்தணும்? பழசே இருக்கட்டும். ஒன்னோடது புதுசு, வித்தா நல்ல வெல வரும்.”

சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். தமிழ் புரியாவிட்டாலும் தாதாவும் சிரித்தார். “பாத் தோ சஹி ஹை,” என்றார், சித்தப்பா இந்தியில் சொன்ன பிறகு. நியாயம்தானாம். மூவரும் டீ குடிக்கப் போனார்கள். நான் மேசைக்குப் பக்கத்தில், தரையில், என் மல்டிமீட்டருடன் உட்கார்ந்திருந்தேன்.

அதே சவுண்டு வரவில்லை என்றால் மாற்ற முடியாது. அதே சவுண்டு வந்துவிட்டால் மாற்றத் தேவையில்லை. இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதிலில்லை. ஒயரை மாற்றலாம், அளவைச் சரிசெய்யலாம், திரை கட்டலாம். அப்பா வைத்த இந்த வாசல் மட்டும் நான் எப்படித் தட்டினாலும் மூடியே இருக்கும்.

அடுத்த இரண்டு நாளும் தரையில் படுத்துக்கொண்டு படிக்கிற பாவனையில் அந்த மேசையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆம்ப்ளிஃபயர் வீட்டுக்குள் வந்த அன்று யாரும் அதற்குப் பரீட்சை வைக்கவில்லை. மேசைமேல் உட்காரத் தகுதி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அது வந்தது, உட்கார்ந்தது. நானோ மூன்று ஞாயிறு வீணாக்கி, இரண்டு கிழவர்களிடமும் ஒரு கடைக்காரரிடமும் மதிப்பெண் வாங்கி, அதன் பிறகு மேசை கேட்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போன பழக்கம். எது வேண்டுமானாலும் முதலில் பரீட்சை எழுதித் தேறிவிட்டுக் கேட்பது. சவுண்டைப் பற்றி அவர்களோடு நான் பேசியிருக்கவே கூடாது.

வியாழக்கிழமை அப்பாவுக்குக் கேம்பல் பே போகிற கப்பலில் வேலை. வழக்கம்போலச் சாப்பாட்டுப் பையை நான்தான் ஸ்கூட்டியில் ஃபீனிக்ஸ் பே கப்பல்துறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். துறையில் பைகளும் கோழிக்கூடைகளுமாக ஒரே நெரிசல். கப்பல் இன்ஜினை ஏற்கெனவே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் தரை பாதத்துக்குக் கீழே லேசாக அதிர்ந்தது.

“அப்பா, மேசய நான் எடுத்துக்கப் போறேன்.”

“அதான் முடிஞ்சு போச்சே புள்ள. ரெண்டும் ஒண்ணுன்னு ஆயிருச்சே.”

“சவுண்டு பத்திப் பேசல. எனக்குப் பரீட்ச இருக்கு, மேச வேணும். பழசு வீட்டுலதான் இருக்கும். நான் விக்கல, உள்ளயும் கை வைக்கல. எடம் மட்டும் மாறும்.”

“எங்க?”

“சன்னலுக்கு அந்தப் பக்கம், செவுத்துல. இரும்பு ஸ்டாண்டு.”

அவர் முகம் நிஜமாகவே வாடியது. “இரும்பு மேலயா? இரும்பு மேல வச்சா சவுண்டு இரும்பாட்டம் வரும்.”

“வந்தா சொல்லுங்க.”

அவர் பையை வாங்கிக்கொண்டார். கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறப் போனவர் திரும்பி நின்றார். நான் சிரிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அவரும் திட்டவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், பின்னால் வந்தவர் தகரப் பெட்டியால் அப்பாவை இடிக்கும்வரை.

“காத்தாச்சும் படுற மாதிரி வையி,” என்றார். “மேல துணி போட்டு மூடிராத.”

“சரிப்பா.”

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஸ்டாண்டை நான் புதன்கிழமையே டாலிகஞ்ச் வெல்டிங் கடையில் அளவு கொடுத்துச் செய்து, பெயின்ட் அடித்து, சாக்கில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். திரும்பிப் போனதும் அம்மா ஒரு பக்கம் பிடிக்க, நான் சுவரில் துளை போட்டு போல்ட் முடுக்கினேன். ஆம்ப்ளிஃபயர் இரண்டு பேர் தூக்குகிற கனம். தூக்கி வைத்து, ஒயர்களைப் பழையபடியே மாட்டி, ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ‘ம்ம்ம்’ என்றது. நிறுத்தினேன்.

படாக்கின்மேல் அதன் நாலு கால்களும் நாலு வட்டமாகக் கறுத்த தடம் விட்டிருந்தன. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அவற்றின்மேலேயே புத்தகங்களை அடுக்கி, அக்கம்பக்கத்தில் அலைந்து ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவின் கப்பல் இன்னும் திரும்பவில்லை. பழைய வினாத்தாளில் முதல் பகுதியை முடித்துவிட்டேன்.